மாத்திரை எண்ணும் மகானுபாவர்கள்

பிள்ளையாரப்பா, முறைப்படி பார்த்தால் இந்த விண்ணப்பம் உனக்கு வந்திருக்கக் கூடாது. டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம், சுருக்கமாக நேக்கோ, 1992 முதல் இருக்கிறது. சென்னையில் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994 முதல் இருக்கிறது. இந்தியாவிலேயே முதலில் தொடங்கிய மாநிலச் சங்கம் நம்முடையதுதான். இருந்தும் பிள்ளையார்பட்டிக் குன்றைக் குடைந்து உட்கார்ந்திருக்கும் உன் காலடிக்கே கொண்டுவந்திருக்கிறேன். ஆபீசில் மனுக் கொடுத்தால் மனுவுக்கு ஓர் எண் தருவார்கள். இந்த நாட்டில் மற்றதெல்லாம் தாமதமாகலாம். எண் தருவதில் ஒருநாளும் தாமதம் இருந்ததில்லை.

உனக்குப் பதிவேடு புதிதல்ல என்பதும் ஒரு காரணம். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் உன் கோயிலும் ஒன்று. கல்யாணமான தம்பதியை ஒரு புள்ளியாகக் கோயில் கணக்கில் சேர்ப்பது இங்கே வழக்கம். புள்ளிக்கு வரி உண்டு. கோயிலில் உரிமையும் உண்டு. "உங்கள் பேரை எழுதிக்கொண்டோம், இனிமேல் உங்களைக் கண்காணிப்போம், போய் வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் செட்டிநாட்டு ஆச்சிமார் என்ன கேட்டிருப்பார்கள் என்று உனக்கே தெரியும்.

பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்த காலத்தில் செட்டியார்கள் மூன்று வருஷத் தவணைக்கு ஏஜென்டை அனுப்புவார்கள். கடன் வாங்கியவன் எவ்வளவு பாக்கி என்பதோடு அந்தப் பேரேடு நின்றுவிடாது. ஏஜென்ட் யாருக்குக் கொடுத்தான், பெட்டியில் எவ்வளவு இருந்தது, எது எங்கே போனது எல்லாம் அதில் இருக்கும். ஊரில் இருக்கும் முதலாளிக்குக் கணக்கு வந்தாக வேண்டும். ஐந்தொகை இடித்தால் ஏஜென்டைத்தான் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். பர்மாவில் நிலத்தை அடகு வைத்த குடியானவனுக்கு அந்தப் பேரேடு என்ன நியாயம் செய்தது என்பது தனிக் கதை. அதற்கு நான் இங்கே சுண்ணாம்பு அடிக்க வரவில்லை. ஆனால் கணக்கு எழுதுகிறவனும் கணக்குக்குள் அடக்கம் என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி நம் பதிவேடு. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களின் சிகிச்சையைக் கவனிக்க நாடு முழுவதற்குமாக நேக்கோ ஒரு கணினிப் பதிவேடு வைத்திருக்கிறது; பேர் சோச். நம்பிக்கை மையத்தில் ரத்தம் கொடுத்த நாள், ஏ.ஆர்.டி. மையத்தில் கூட்டு மருந்து தொடங்கிய நாள், எடை, சிடி4 எண்ணிக்கை, ரத்தத்தில் வைரஸ் அளவு, அடுத்து வர வேண்டிய தேதி என்று ஒரு மனுஷரின் உடம்பு முழுக்க அதில் கட்டம் கட்டமாக இருக்கிறது. மையத்தில் ஒரு வெள்ளை அட்டை, நோயாளி கையில் ஒரு பச்சைப் புத்தகம். வேண்டாத வேலை என்று நான் சொல்லவில்லை. ஆயுள் முழுக்க ஒருநாள் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து இது. நடுவில் ஒருவர் காணாமல் போனால் தேடுவதற்குப் பேர் வேண்டும். ஒரு மையத்தில் மட்டும் வைரஸ் அடங்க மறுத்தால் ஏனென்று கேட்பதற்கு எண் வேண்டும். சிகிச்சையின் தரத்தைப் பார்க்கப் பதிவேட்டைவிட நல்ல வழி இல்லை.

தரம் யாருடையது என்பதில்தான் தகராறு.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, திருப்பத்தூர் ரோட்டில் ஒரு கிராமம். புருஷன் லாரி ஓட்டினார், போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா மருந்து வாங்குவது பக்கத்து ஆஸ்பத்திரியில் இல்லை, வேறொரு மாவட்டத்தில். பக்கத்தில் போனால் வரிசையில் நிற்கும்போது ஊர்க்காரர் யாராவது பார்ப்பார்கள். அந்தக் கட்டடத்தின் முன் எதற்காக நிற்கிறார்கள் என்பது டீக்கடை வரைக்கும் தெரியும். மருந்து டப்பாவின் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார். பஸ்ஸில் குலுங்கிச் சத்தம் வராமலிருக்க உள்ளே பஞ்சை அடைப்பார். அதற்கு மேல் முறுக்குப் பொட்டலம், அதற்கு மேல் மஞ்சப்பை. அவ்வளவு பாடுபட்டு மையத்துக்குப் போனால் முதல் வேலை, டப்பாவைத் திறந்து மிச்ச மாத்திரையைக் கவிழ்த்து எண்ணுவது. முப்பது கொடுத்தோம், இன்று இரண்டு இருக்க வேண்டும், நான்கு இருக்கிறதே? எந்த இரண்டு நாள் சாப்பிடவில்லை? ஏன்? நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில் பையைத் திறக்க முடியவில்லை என்று சொல்வதற்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. சதவீதம் போடுவார்கள். 95-க்குக் கீழே போனால் கவுன்சலிங். அக்கா தலையைக் குனிந்துகொண்டு இனிமேல் விடமாட்டேன் என்பார். ஐம்பது வயதுப் பெண், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி.

சரி, எண்ணட்டும். எண்ண வேண்டியதுதான். மாத்திரையை விட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அந்த மருந்து கேட்காது, அது அறிவியல். அதே அறிவியல் மருந்துக் கிடங்குக்கும் பொருந்தும் அல்லவா?

2022 ஜூலையில் டெல்லியில் நேக்கோ அலுவலக வாசலில் தொற்றோடு வாழ்கிறவர்களே போய் உட்கார்ந்தார்கள். டோலுடெக்ராவிர் மாத்திரை இல்லை. குழந்தைகளுக்கான நெவிரபின் சிரப் இல்லை. ஒரு மாதத்துக்குக் கொடுக்க வேண்டியதைச் சில நாளுக்கு மட்டும் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றார்கள். நாற்பது நாளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், அரசுக்கு நோட்டீஸ் வந்தது. நாட்டு அளவில் போதிய கையிருப்பு இருக்கிறது என்று அரசு பதில் சொன்னது. இருக்கும், ஐயா. நாட்டு அளவில் சோறும் போதுமான அளவு இருக்கிறது.

இரண்டு மாத்திரை விட்டால் அக்காவுக்குக் கவுன்சலிங். நாடே மாத்திரை தராமல் விட்டால் யாருக்குக் கவுன்சலிங்? எந்த இணைச் செயலாளரை முக்காலியில் உட்காரவைத்து, "ஏன் சார் டெண்டர் தாமதம்? வீட்டில் ஏதும் பிரச்சினையா? மறதி வருகிறதா? அலாரம் வைத்துப் பாருங்களேன்" என்று கேட்டார்கள்? அவருக்கு எத்தனை சதவீதம் போட்டார்கள்? கிடங்குக் கணக்கும் கணினியில்தான் இருக்கிறது. ஆனால் மேடைகளில் காட்டும் படங்களில் கோடு போட்டுக் காட்டுவதெல்லாம் நோயாளி எத்தனை ஒழுங்கு என்பதைத்தான்.

மூன்று மாதம் வராத நோயாளிக்கு ஆங்கிலத்தில் ஒரு பட்டம் வைத்திருக்கிறார்கள்: லாஸ்ட் டு ஃபாலோ அப். தொலைந்தவர்களின் பட்டியல். அதில் பேர் வந்தால் வீடு தேடி ஆள் வரும். எதிர்ப் பட்டியல் ஒன்று எழுதினால் என்ன? வைரஸ் அளவுப் பரிசோதனை முடிவு மாதக்கணக்கில் வராமல் போனால் அந்த ஆய்வகத்தின் பேர் தொலைந்தவர்கள் பட்டியலில். டாக்டர் பதவி காலியாகவே கிடந்தால் அந்த மையத்தின் பேர். மருந்து வராவிட்டால் துறையின் பேர். நோயாளிகள் சங்கத்திலிருந்து நாலு பேர் கிளம்பி, இவர்களை வீடு தேடிப் போய், "மூன்று மாதமாக உங்களைக் காணோமே, கவலையாகிவிட்டது" என்று விசாரித்துவிட்டு வரலாம்.

சட்டம் இருக்கிறதே என்பாய். இருக்கிறது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்தது. சம்மதமில்லாமல் ஒருவரின் நிலையை வெளியே சொல்லக் கூடாது, பதிவேட்டுத் தகவலைப் பூட்டிப் பாதுகாக்க வேண்டும், வேலையிலிருந்து விரட்டக் கூடாது. எல்லாம் நல்ல விஷயம். கூட்டு மருந்து தருவது அரசின் பொறுப்பு என்று வரும் 14-ஆம் பிரிவில் மட்டும் ஒரு சின்ன ஓட்டை வைத்திருக்கிறார்கள்: இயன்ற வரையில். மசோதாவாக இருந்தபோதே நோயாளிகள் சண்டை போட்டார்கள், அந்தச் சொல்லை எடுக்கவில்லை. நோயாளி மாத்திரை சாப்பிடுவது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. அரசு மாத்திரை கொடுப்பது இயன்ற வரையில். அக்கா ஒருநாள் மையத்தில் போய், "இயன்ற வரையில் சாப்பிட்டேன்" என்று சொல்லிப் பார்க்கட்டுமே.

மேடையில் படிக்கும் எண்களைக் கேள். 2025-க்குள் எட்ட வேண்டிய இலக்கு 95-95-95. தொற்று உள்ளவர்களில் 95 சதவீதம் பேருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவர்களில் 95 சதவீதம் மருந்தில் இருக்க வேண்டும். அவர்களில் 95 சதவீதத்துக்கு வைரஸ் அடங்கியிருக்க வேண்டும். 2023 மதிப்பீட்டில் இந்தியாவுக்கு வந்தது 81-88-97. உடனே 97-ஐத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம். உன் வட்டாரத்தில் வாய்ப்பாடு தெரியாதவர் குறைவு. மூன்றையும் பெருக்கச் சொல். நூற்றுக்கு 69. தொற்றோடு வாழ்கிறவர்கள் 25 லட்சத்துக்கு மேல் என்பதும் அதே அரசு மதிப்பீடுதான். அப்படியானால் வைரஸ் அடங்காமல் ஏழு லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். எந்த மாலையும் அவர்கள் கழுத்துக்கு வரவில்லை. பரீட்சைக்கு வந்தவர்களில் நல்ல மார்க் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பதை வைத்து ஊரின் படிப்பை அளந்த கதை.

கோபம் இன்னும் வரவில்லையென்றால் சாத்தூர் கதையைச் சொல்கிறேன். மதுரையைத் தாண்டினால் விருதுநகர் மாவட்டம், உனக்குத் தூரமில்லை.

2016-இல் ஒரு பையன் ரத்த தானம் செய்கிறான். சோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிகிறது. தெரிந்தது யாருக்கு? ஏட்டுக்கு. அவனுக்குச் சொல்லப்படவில்லை. ரகசியம் காத்தார்கள், அவனிடமிருந்தே காத்தார்கள். இரண்டு வருஷம் அவன் மருந்தில்லாமல், விஷயம் தெரியாமல் நடமாடினான். 2018 நவம்பர் 30-ஆம் தேதி, சொந்தக்காரப் பெண் ஒருத்திக்கு ரத்தம் வேண்டும் என்று சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் மறுபடி கொடுக்கிறான். இந்த முறை ஏடும் பேசவில்லை, சோதனையும் பேசவில்லை. நல்ல ரத்தம் என்று முத்திரை விழுந்து அலமாரிக்குப் போனது. டிசம்பர் 3-ஆம் தேதி சாத்தூர் அரசு மருத்துவமனையில், ரத்தசோகையோடு வந்த ஒரு கர்ப்பிணிக்கு அதை ஏற்றினார்கள். மேலே சொன்ன சட்டம் அமலுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

விஷயம் எப்படி வெளியே வந்தது என்பதைக் கேட்டால் நீயே எழுந்து வந்துவிடுவாய். தேசியப் பதிவேடு கண்டுபிடிக்கவில்லை. மாநிலச் சங்கம் கண்டுபிடிக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனைக்கு அந்தப் பையன் மதுரைக்குப் போனான். தொற்று இருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். தன் தலையில் இடி விழுந்த அந்த நேரத்தில் அவன் செய்த காரியம், சிவகாசி ஆஸ்பத்திரிக்குத் தகவல் கொடுத்தது: நான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. முதல்வர் அலுவலகம் முதல் ஆய்வக மேசை வரை நீளும் அந்தக் கண்காணிப்பு அமைப்பு முழுவதிலும் கண்காணிக்க வேண்டியதைக் கண்காணித்தது அந்த ஒரு பையன்தான். அவனுக்குச் சம்பளம் கிடையாது, பயணப்படி கிடையாது, மதிப்பாய்வுக் கூட்டத்தில் முந்திரி பிஸ்கட் கிடையாது.

விஷயம் ஊரெல்லாம் பரவியது. அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, டிசம்பர் 30-ஆம் தேதி மதுரை அரசு மருத்துவமனையில் இறந்துபோனான்.

ரத்த வங்கி ஊழியர்கள் மூன்று பேர் மீது நடவடிக்கை பாய்ந்தது. இந்த நாட்டில் நடவடிக்கைக்கு எப்போதும் படிக்கட்டின் கடைசிப் படிதான் பிடிக்கும். அந்தப் பெண்ணுக்கு ஜனவரியில் பிரசவம். குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பிறகு தெரிந்தது. நம் அமைப்பு உருப்படியாகச் செய்த ஒரு காரியம் அதுதான், தான் மூட்டிய நெருப்பைப் பாதி அணைத்தது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடும், வீடும், அரசு வேலையும் தரச் சொன்னது. 2016-இல் அந்தப் பையனின் வீட்டுக்கு ஒருவரை அனுப்பியிருந்தால் பஸ் டிக்கெட் எவ்வளவு ஆகியிருக்கும்?

அந்தப் பெண்ணின் பேரும் இப்போது பச்சைப் புத்தகத்தில் இருக்கும் என்பதை நினைக்கும்போதுதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அவள் டப்பாவையும் மாதாமாதம் கவிழ்த்து எண்ண ஆளிருக்கிறது. அவளிடம் ஒழுங்கு கேட்க இந்த அரசாங்கத்துக்கு வாய் இருக்கிறது!

பேச வேண்டிய இடத்தில் ஊமையாக இருக்கும் பதிவேடு, ஊமையாக இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் தெருவில் நின்று கூவும். உன் பக்தர்கள் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் சிங்கப்பூரில். அங்கே ஒழுங்கு என்றால் ஒழுங்கு என்பார்கள். 2019 ஜனவரியில் அங்கே எச்.ஐ.வி. பதிவேடு 14,200 பேருடைய பெயரோடும் விவரத்தோடும் இணையத்தில் கசிந்துவிட்டது என்று அரசே அறிவித்தது. அதில் 8,800 பேர் வெளிநாட்டவர். பதிவேட்டைத் திறக்கும் அதிகாரம் இருந்த ஒரு டாக்டரின் கூட்டாளி கையில் அது போய்ச் சேர்ந்திருந்தது. அவன் கையில் இருப்பது 2016-லேயே அரசுக்குத் தெரியும். பட்டியலில் இருந்தவர்களுக்கு மட்டும் கடைசியில் தெரிந்தது. சாத்தூர்ப் பையன் கதைதான், குளிர்சாதன வசதியோடு.

இங்கே தொடக்கமே அப்படித்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் சொல்ல, மாணவி நிர்மலா பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது. அந்த இரண்டு பெண்களின் துணிச்சலுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. ஆனால் ரத்தம் கொடுத்த பெண்களின் கூட்டத்துக்கு நாடு செய்த கைம்மாறு என்ன? சென்னைக் காப்பகத்தில், தொற்று உள்ளவர்கள் என்ற காரணத்துக்காகவே பெண்களைக் காலம் முடிந்தும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். 1990-இல் பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் வழக்குப் போட்ட பிறகுதான் கதவு திறந்தது. முதல் பட்டியலை வைத்து மருந்து கொடுக்கவில்லை, பூட்டுத்தான் போட்டார்கள். இலவசக் கூட்டு மருந்து வர 2004 ஏப்ரல் 1 வரை ஆனது. பட்டியலுக்கும் மாத்திரைக்கும் நடுவில் பதினெட்டு வருஷம்.

எங்குமே ஒழுங்காக நடக்கவில்லையா என்றால், ஸ்வீடனில் இன்ஃப்கேர் என்று ஒன்று இருக்கிறது. அங்கே தொற்று கண்டறியப்பட்ட அனேகமாக எல்லோரும் அந்தப் பதிவேட்டில். டாக்டரும் நோயாளியும் ஒரே திரையைப் பார்த்து, வைரஸ் கோடு இறங்குகிறதா ஏறுகிறதா என்று பேசுகிறார்கள். எந்த மருத்துவமனை எப்படிச் செய்கிறது என்று ஒப்பிட்டு வெளியே சொல்கிறார்கள். நோயாளியிடம் கேள்வித்தாள் கொடுத்து, உங்களுக்குக் கிடைக்கும் கவனிப்பு திருப்தியா, சிகிச்சையை முடிவு செய்வதில் உங்களைக் கலந்துகொண்டார்களா என்று கேட்டு, அந்தப் பதிலையும் பதிவேட்டிலேயே ஏற்றுகிறார்கள். பழைய 90-90-90 இலக்கை முதலில் தொட்ட நாடு என்று அதற்குப் பேர். அவர்களுக்குச் சில ஆயிரம் பேர், நமக்கு லட்சக்கணக்கில் என்று உடனே ஒரு அதிகாரி சொல்வார். சொல்லட்டும். கேள்வி கேட்கக் காசு ஆகாது. அக்காவிடம் இத்தனை வருஷத்தில் எத்தனையோ கேள்வி கேட்டார்கள். உங்களை இங்கே மரியாதையாக நடத்துகிறார்களா என்பது மட்டும் அதில் இல்லை.

கணினி முன்னால் உட்கார்ந்து எண்ணைத் தட்டும் பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதே, பிள்ளையாரப்பா. ஒப்பந்தச் சம்பளம் அவளுக்கு, நிரந்தரம் கிடையாது. இன்றைக்குள் இத்தனை பேரை ஏற்ற வேண்டும் என்று தலைக்கு மேல் கத்தி. வியாசர் பாரதம் சொன்னபோது நீ ஒரு நிபந்தனை போட்டாய், நிறுத்தாமல் சொல்ல வேண்டும் என்று. அவர் பதிலுக்கு ஒன்று போட்டார், பொருள் புரியாமல் எழுதக் கூடாது என்று. உன் நிபந்தனையை டெல்லி அப்படியே எடுத்துக்கொண்டது, நிறுத்தாமல் எழுதுகிறார்கள். வியாசருடையதை மட்டும் எந்தச் சுற்றறிக்கையிலும் நான் பார்க்கவில்லை.

கேட்பது அதிகமில்லை. உன் சதுர்த்திக்கு முக்குறுணி அரிசியில் கொழுக்கட்டை பண்ணுகிறார்கள். அதில் ஒரு கைப்பிடி அளவுதான். ஒவ்வொரு ஏ.ஆர்.டி. மையத்தின் வாசலிலும் ஒரு பலகை. இந்த மாதம் எத்தனை நாள் மருந்து குறைந்தது, வைரஸ் அளவு முடிவு சராசரியாக எத்தனை நாளில் வந்தது, டாக்டர் எத்தனை நாள் இருந்தார், தொற்று உறுதியான எத்தனை பேருக்கு இன்னும் தகவல் சொல்லவில்லை. யார் பேரும் அதில் வேண்டாம். பச்சைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நோயாளி மையத்துக்கு மார்க் போட நாலு வரி இடம்.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, நோயாளிகளுக்கு அவ்வளவு விவரம் போதாது, பலகையைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். டப்பாவுக்குள் பஞ்சு அடைத்து மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஏறுகிறவர்கள் பலகையைப் பார்த்துப் பயப்படுவார்களாம். பயப்படப்போவது யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்; அதனால்தான் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். அடுத்த பொருள், நோயாளிகள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதை உறுதி செய்வது எப்படி.